வெயில் வந்து உட்காரும் இடம்

பாலர் பள்ளி வேலையில் பாதி, சுவரில் படம் ஒட்டுவது. மீதி, ஒட்டியதைப் பிள்ளைகள் பிய்க்காமல் பார்த்துக்கொள்வது. இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சுவரைக் காலி செய்தேன்

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எங்கள் பள்ளி. என் வகுப்பில் எல்லாம் நான்கு வயதுப் பிள்ளைகள். ஒரு டிசம்பர் விடுமுறையில் எழுத்து, பழம், விலங்கு என்று சுவரில் இருந்த அத்தனையையும் கழற்றினேன். ஜன்னலை மறைத்திருந்த அலமாரியை நகர்த்தினேன். வெளியே ஒரு மரம் இருப்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. ஜன்னலடியில் ஒரு பாய் மட்டும் விரித்தேன்.

முதல்வர் மாலதிக்குக் கவலை. ஒரு அரையாண்டுத் தவணை பொறுப்பதாகவும், சரிவராவிட்டால் அங்கே மேசை போடப்போவதாகவும் சொன்னார். போகும்போது திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையே லா. இங்க பிள்ளைங்க என்னதான் செய்யும்?"

முட்டி போட்ட தச்சர்

அலமாரிகளின் உயரத்தைக் குறைக்க கிராஞ்சி தொழிலாளர் விடுதியிலிருந்து தச்சர் முருகேசன் வந்தார். பட்டுக்கோட்டைக்காரர். நான் அளவு சொல்லச் சொல்ல அவர் முட்டி போட்டு, அப்படியே அறையைச் சுற்றி வந்தார். பிறகு யார் கண்ணுக்கும் படாத ஓரங்களைக்கூட உப்புத்தாளால் தேய்த்தார். ஊரில் அவர் மகளுக்கும் நாலு வயதாம். அவ்வளவு மெனக்கெட வேண்டாமே என்றேன்.

"நின்னு பார்த்தாதான் இது ரூமு, டீச்சர். முட்டி போட்டுப் பாருங்க, ஒரு ஊரே இருக்கு."

பாயில் யாழினி

யாழினி மார்ச் மாதம் சேர்ந்தாள். அம்மா மருத்துவமனையில். பிள்ளை யாரையும் பக்கத்தில் விடமாட்டாள், கடித்துவிடுவாள். இரண்டு பெற்றோர் புகார் கொடுத்தார்கள். வேறு பள்ளிக்கு அனுப்பிவிடலாமா என்ற பேச்சும் வந்தது.

ஒரு காலை அவளாகவே பாயில் போய் உட்கார்ந்து, உள்ளங்கையில் விழுந்த இலை நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேக்கா கோயிலில் தீபாராதனை காட்டும்போது கூட்டம் தானாக அடங்குமே, அப்படி மற்றப் பிள்ளைகளும் குரலைத் தாழ்த்தினார்கள். என்ன பார்க்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். கடிப்பது ஒரே நாளில் நிற்கவில்லை. ஆனால் கோபம் வந்தால் பாய்க்குப் போகப் பழகினாள். புகாரும் மெல்ல ஓய்ந்தது.

தவணை முடிவில் மாலதி அளவு நாடாவோடு வந்தார். யாழினி பாயில் இருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னம்மா செய்கிறாய் என்று சத்தமாகக் கேட்டார். மேசைப் பேச்சு அன்றோடு நின்றது. நிறுத்தியது யாழினியின் பதில்: "மெதுவாப் பேசுங்க. வெயில் இப்பதான் வந்து உட்கார்ந்திருக்கு."

பிள்ளைகளுக்குக் கும்பிடத் தானாகவே தெரிகிறது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் எனக்குச் சம்பளம் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடிவதில்லை.