மாற்றாமல் விட்ட ஒரு முழம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நான் ஒரு பழைய டீசல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். மகாபலிபுரத்தை ஒட்டிய தோப்புகளில் சவுக்குக் கட்டை ஏற்றி, செங்கல்பட்டு ரயிலடியில் இறக்குவதுதான் வேலை. உப்புக் காற்று பட்டுப் பட்டு வண்டியின் அடிப்பாகமெல்லாம் துருவேறிக் கிடந்தது.

செங்கல்பட்டு கடைத்தெருவுக்குப் பின்னால் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் பாய் ஒருநாள் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். என் வயதுதான் அவருக்கும்.

"டீசல் பைப்பு பூரா துருப்புடிச்சிக் கீது மச்சான். டேங்குலேர்ந்து பம்பு வரிக்கும் முழுசா மாத்திடு. ஊசி முனை ஓட்டை விழுந்தா போதும், காத்தை இழுத்துக்கினு இஞ்சின் நின்னுடும்."

அவருக்கு அன்று வேறு வண்டி வேலை. செம்புக் குழாயைக் கொடுத்து, என்னையே மாற்றிக்கொள்ளச் சொன்னார். பம்பிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு பிடியாகக் கழற்றிக்கொண்டு போனேன். பழைய குழாய் கையில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. டேங்கை நெருங்கும் இடத்தில், வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு உள்ளே ஒரு முழம் மிச்சமிருந்தது. அங்கே நட்டு அசையவில்லை. டேங்கை இறக்கினால்தான் ஸ்பானர் நுழையும். அரை நாள் வேலை. தோப்பில் கட்டை வெட்டி அடுக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த ஒரு முழத்தை அப்படியே விட்டு, புதுக் குழாயை அதோடு இணைத்தேன். துரு தெரியாமலிருக்கக் கறுப்புப் பெயிண்டும் அடித்தேன்.

"முழுசா மாத்திட்டியா?" என்றார் பாய்.

"மாத்திட்டேன்."

அவர் குனிந்து பார்க்கவில்லை. என் வார்த்தையை நம்பினார்.

இரண்டு வாரம் கழித்து, லோடோடு திரும்பி வரும்போது, திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி. உள்ளே பிள்ளை வலியில் ஒரு பெண், அவளைத் தாங்கிக்கொண்டு அவள் தாய். ஓட்டி வந்தவன் வண்டிக்காரன். புருஷன் பக்கத்தில் ஓடி வந்துகொண்டிருந்தான். மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றான்.

"இதுல போனா பொழுது சாஞ்சிடும். ஏத்துங்க, முக்கா மணியில கொண்டு போயி வுடறேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். பெண்ணையும் தாயையும் என் பக்கத்தில் உட்காரவைத்தோம். புருஷன் கட்டை மேல் ஏறிக்கொண்டான். மாட்டுவண்டி திரும்பிப் போய்விட்டது.

திருக்கழுக்குன்றம் தாண்டி இரண்டு மைல் போனதும் இஞ்சின் இருமியது. நின்றது. பம்பின் திருகைத் தளர்த்தினேன். டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது. காற்றை வெளியேற்றிக் கிளப்பினேன். நூறு அடி போய் மறுபடி நின்றது. மூன்றாம் தடவை நின்றபோது, காற்று எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் தடவையிலேயே தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

புருஷனிடம் சோப்பு இருக்கிறதா என்று கேட்டேன். துணி மூட்டையிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்துக் கொடுத்தான். வண்டிக்கடியில் படுத்து, நான் அடித்த பெயிண்டை நானே சுரண்டி, ஓட்டையில் சோப்பைப் பூசித் துணியை இறுக்கிச் சுற்றினேன். தலைக்கு மேலே அவள் அலறிக்கொண்டிருந்தாள். சட்டென்று அலறல் நின்றது. பிள்ளையின் அழுகைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. தாய்க்காரியின் ஒப்பாரிதான் கேட்டது.

சோப்பு தாங்கியது. ரத்தம் நிற்காமல் கிடந்தவளைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவள் பிழைத்துக்கொண்டாள்.

வாசலில் புருஷன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "நம்ம தலையெழுத்து அண்ணாத்த. மெசினு நின்னா நீ இன்னா பண்ணுவ? அவளையாவது காப்பாத்திக் குடுத்தியே."

என் கையில் அப்போதும் கறுப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

மறுநாள் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்தாளுகிட்ட சொன்னியா?"

"இல்ல."

அவர் டேங்கைக் கழற்ற ஆரம்பித்தார். அதன்பிறகு நான் என்ன வேலை செய்ததாகச் சொன்னாலும், அவரே கீழே படுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். நானும் தள்ளி நின்றுகொள்வேன்.

ஒரு மாதம் கழித்து ரயிலடியில் கட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் புருஷன் வந்தான். துண்டில் முடிந்த வேர்க்கடலையை நீட்டினான். "வூட்ல குடுத்தனுப்புச்சி. இப்ப நடமாடிக்கினு கீது. ஒரு நாளு வூட்டுக்கு வா அண்ணாத்த."

சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. "வரேன்" என்றேன். கடலையை வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் ஊருக்குப் பிரியும் பாதை சாலையோரம்தான் இருந்தது. மேலும் ஆறு வருஷம் அந்த வழியில் லாரி ஓட்டினேன். ஒருநாளும் அங்கே நிறுத்தியதில்லை.