லண்டன்காரரின் புல்தரை

எங்கள் வேலணை ஊரில் வீட்டு முன்றலில் புல் நின்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். ஆள் இருந்தும் புல் நின்றால் அந்த ஆள் சோம்பேறி, அல்லது பைத்தியம். வேலணைப் பெண்கள் விடிந்ததும் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு மண்ணைக் கூட்டத் தொடங்குவார்கள். ஒரு பச்சைத் துளிர் தலைகாட்டினால் போதும், குடும்ப மானமே கப்பலேறிவிட்டதுபோலப் பிடுங்கி எறிவார்கள். இந்தச் சனத்துக்கு நடுவில் நான் புல் வளர்க்கும் தொழில் தொடங்கினேன். என்னைவிடப் பெரிய மடையன் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் இருந்திருக்க மாட்டான்.

சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்து, வெளிநாடு போன எங்கள் ஆட்கள் பெட்டிகளோடு ஊர் பார்க்க வரத் தொடங்கிய சமாதான காலம் அது. எனக்கு முப்பத்துநாலு வயது. வன்னியில் இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி, அக்கா வீட்டில் அத்தானின் பிரான்ஸ் காசில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத் தொலைபேசிக்கு எடுப்பார். பாரிசில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற மனிதர், ஏதோ அரசாங்க அதிபர் மாதிரி, "தம்பி இப்ப என்ன செய்யிறார்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும், அவருடைய சோற்றில் இருந்து எழும்ப வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசை இல்லை.

முதல் என்று பெரிதாக ஒன்றும் கையில் இல்லை. பழைய சைக்கிள், புல்லை வேரோடு சீவிச் செருக்குகிற உழவாரம், யாரோ பாவித்துக் கழித்த வேலி வெட்டும் கத்தரி, ஒரு பூவாளி. வெளிநாட்டுக்காரர் வருமுன் அவர்களின் பூட்டிய வீடுகளைச் சுற்றிய பாழ்வளவுகளைத் துப்புரவாக்கிக் கொடுத்தேன். சந்தியில் குந்தியிருந்து பேப்பர் வாசிப்பதைத் தவிர வேறு தொழில் அறியாத கனவான்கள், "படிச்ச பெடியன் புல்லுச் செருக்கிறான்" என்று சிரித்தார்கள். அவர்களுக்கும் சாப்பாடு கனடாவிலிருந்துதான் வந்தது.

பிறகு லண்டன்காரர் வந்தார். அரைக்காற்சட்டை, தொப்பி, கையில் தண்ணீர்ப் போத்தல். தகப்பன் கட்டிய வீட்டைத் திருத்தியிருந்தார். அதற்கு முன்னால், லண்டனில் இருப்பதைப்போல ஒரு புல்தரை வேண்டும் என்றார். அடுத்த ஓகஸ்டில் குடும்பத்தோடு வரும்போது பிள்ளைகள் அதில் விளையாட வேண்டுமாம். ஓகஸ்டில் வேலணை எப்படிக் காயும் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

"நீர் இதைச் சரியாச் செய்து காட்டும். என்ரை சொந்தக்காரற்றை நாலு வீடு இருக்கு. வருசம் முழுக்கப் பாக்கிற பொறுப்பை உம்மட்டையே தாறன்."

நாலு வீடு. வருடம் முழுக்க. மனதுக்குள் அவரை எவ்வளவு பழித்தாலும் வாய் "ஓம் ஐயா" என்றது.

மாரியில் வயல் வரம்புகளில் அறுகம்புல்லை வேரும் மண்ணுமாகப் பெயர்த்து வந்து பதித்தேன். மழை நின்றதும் கரைச்சல் தொடங்கியது. அந்த வளவுக் கிணறு உவர். ஆகவே சாட்டிக் கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளின் நல்ல தண்ணீரைப் பிளாஸ்டிக் கான்களில் நிரப்பிச் சைக்கிளில் கட்டி இழுத்தேன். கேற்றை எப்போதும் பூட்டி வைத்தேன். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் இந்தச் சனத்துக்கு என்ன விளங்கப்போகிறது என்ற எண்ணம்தான். ஒருநாள் அக்காவும் கேட்டாள்.

"என்னடா, அந்த வளவுக்குள்ள மாதக்கணக்கா என்ன செய்யிறாய்? மதிலாலை எட்டிப் பாத்த சனம், புல்லு மண்டிக் கிடக்குதெண்டு கதைக்குதுகள்."

"உங்களுக்கு விளங்காது அக்கா, விடுங்கோ" என்றேன்.

ஓகஸ்டில் புல் பச்சைப்பசேல் என்று நின்றது. தீவுப்பகுதியில் அந்த மாதத்தில் அப்படி ஒரு பச்சையை யாரும் கண்டிருக்க முடியாது. லண்டன்காரர் வருவதற்கு முதல்நாள் காலை, கத்தரியைத் தீட்டுவிக்க பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன். கடைசியாக ஒருமுறை ஒழுங்காக நறுக்கிவிடலாம் என்ற நினைப்பு.

மத்தியானம் திரும்பி வந்தபோது கேற் திறந்திருந்தது. உள்ளே அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் நின்றார்கள். எங்கள் வீட்டில் ஆணியில் தொங்கிய பூட்டுத் திறப்பை அக்கா எடுத்து வந்திருக்கிறாள். முன்றல் முழுவதும் வெறும் மண். விளக்குமாறு இழுத்த கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. மதிலோரம் குவிந்து கிடந்த என் புல்லை ஒரு மாடு தின்றுகொண்டிருந்தது.

அக்காவின் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"நாளைக்கு அந்த மனிசன் வந்து பாத்தா உன்ரை பேரெல்லோ கெட்டுப்போம்? நீ பஸ் ஏறினதும் வந்து செருக்கிப்போட்டம். இனி ஒருத்தரும் உன்னைக் குறை சொல்லேலாது."

மாட்டைத் துரத்திவிட்டு, இனிச் சொல்லி என்ன பயன் என்று அக்காவிடம் அப்போதும் விசயத்தை உடைக்காமல் கேற்றைப் பூட்டினேன்.

மறுநாள் காலை லண்டன்காரர் வான் வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் பிள்ளைகள் பந்தோடு இறங்கினார்கள். அக்கா நல்ல சேலை உடுத்து, பாராட்டைக் கேட்பதற்காகவே வந்து நின்றாள். அவர் மண்ணையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தம்பி, நான் கேட்டது புல்லெல்லோ?"

"வளத்தனான் ஐயா. எல்லாம் இவவின்ரை வேலை. படிப்பறிவில்லாத மனிசி, ஒண்டும் விளங்காது."

அக்காவுக்கு முன்னாலேயே சொன்னேன்.

"ஒரு வளவைப் பாதுகாக்கத் தெரியாட்டி நாலு வீட்டை என்னெண்டு தாறது? பிறகு யோசிப்பம்" என்றார் அவர். யோசிப்பம் என்றால் இல்லை என்றுதான் பொருள். இவ்வளவு காலம் லண்டனில் இருந்தும் எங்கள் ஆட்களின் அந்த மரியாதை அவரிடம் கெடாமல் இருந்தது.

நான் வீடு போனபோது அக்கா எனக்கு முன்பே வந்து சமைத்திருந்தாள். கோபத்தில் சோறு போடாமல் விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எழும்பிப் போக எனக்கு ஒரு சாட்டாவது கிடைத்திருக்கும். கோப்பையில் சோறும் மீன்குழம்பும் போட்டு முன்னால் வைத்தாள். கையில் துணி சுற்றியிருந்தது. சந்திக் கனவான்கள், அத்தான், லண்டன்காரர் என்று நான் இளக்காரமாகப் பார்த்தவர்களில் ஒருவர்கூட என்னளவுக்குக் கேவலமாக நடந்ததில்லை. வெட்கத்தில் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தேன்.

அக்கா அகப்பையை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானும் வந்து தண்ணி ஊத்தியிருப்பனே, தம்பி."