வெறுங்கால் பாட்டுக்காரி

அவளுக்கு முணுமுணு என்று பேர் வைத்தது அண்ணன். சின்ன வயதில் பல் தேய்க்கும்போதுகூட ஏதாவது சொல்லிக்கொண்டேதான் தேய்ப்பாளாம். வளர்ந்து, கணினியில் தாளம் கோத்து, அதன்மேல் தன் வரிகளைப் பேசிப் பதிவுசெய்து இணையத்தில் போட ஆரம்பித்தபோது அந்தப் பேரையே வைத்துக்கொண்டாள். அதைப் பாட்டு என்றால் பாட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள், கவிதை என்றால் கவிஞர்கள். அவள் யாருக்கும் வாய் கொடுக்கவில்லை.

பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசை வேலை. அங்கே பல்லைக் குடையும் இயந்திரம் போடும் கிறீச்சலை போனில் பிடித்துவந்து, வேகத்தைக் குறைத்து, யாரோ தொண்டைக்குள் அழுகிற மாதிரி ஆக்கிவிடுவாள். ஒலிப்பதிவுக் கூடம் என்பது அவள் அறையிலிருந்த துணி அலமாரி. கம்பளிகளுக்கு நடுவே தலையை நுழைத்து மைக்கில் பேசுவாள். அப்படியும் பக்கத்து அறையில் அப்பாவின் மெத்தைக்குக் காற்றடிக்கும் மோட்டார் சத்தம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அப்பாவுக்கு முதுகெல்லாம் புண்ணாகிவிடும். கேட்பவர்களோ, "அந்த ரீங்காரம் இருக்கே, எந்தக் கருவிங்க அது?" என்று எழுதிக் கேட்டார்கள்.

அப்பா லாரி ஓட்டியவர். அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம். முணுமுணுவுக்கு வேறு ஊரில் ஒரு ஒலிக்கூடத்தில் வேலை கிடைத்து, பையைக் கட்டி வைத்திருந்த வாரத்தில் அவர் குளியலறையில் விழுந்தார். ஒரு பக்கம் அப்படியே செயலிழந்துபோனது. பேச்சில் அதட்டல் மட்டும் மிச்சம். வெளிநாட்டிலிருந்த அண்ணன், "நீ கூட இருக்கறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன்" என்று போனில் அழுதான். அந்த நிம்மதி முழுக்க அவள் தலையில் வந்து இறங்கியது. அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு நர்ஸம்மா அவ்வப்போது எட்டிப் பார்ப்பார்.

அந்த வாரம் எழுதியதுதான் ‘வெறுங்கால்’. ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். செருப்பைத் தேடினால் நேரமாகும், நேரமானால் மனசு மாறும் என்று வெறுங்காலோடு தெருவில் இறங்குகிறாள். பாட்டு காட்டுத்தீ மாதிரி பரவியது. அதன் வரிகளை அச்சடித்த சட்டைகளையும் வீட்டிலிருந்தே அனுப்பி விற்றாள். வானொலிக்காரர் ஒருவர் போனில் பேட்டி எடுத்தபோது, "நீங்க எப்போ வீட்டை விட்டு வந்தீங்க?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் குரலில் இருந்த மரியாதையை இழக்க மனசு வரவில்லை. "மழைக்காலத்துல" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டோடு சேர்த்து அந்தப் பொய்க்குள்ளும் அடைபட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், முன்பின் தெரியாத ஒரு பெண், கையில் துணிப்பையோடு.

"முணுமுணு அக்காதானே?"

"ஆமா. நீங்க?"

"வீட்லயே தையல் வேலை செய்யறேன்க்கா. உங்க வரி அச்சடிச்ச சட்டை வாங்கினேன்ல, அந்தப் பார்சல்ல இந்த விலாசம் இருந்துச்சு. வீட்டை விட்டு வந்துட்டேன்."

முணுமுணு கீழே பார்த்தாள். பாதம் வெடித்து, விரலில் ரத்தம் காய்ந்திருந்தது. "செருப்பு எங்கம்மா?"

"நீங்கதானே தேடாதேன்னு சொன்னீங்க?"

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அப்பா கத்தினார். முணுமுணு ஓடினாள். தையல்காரியும் பின்னாலேயே வந்தாள். அப்பாவைப் புரட்ட ஆள் போதாமல் முணுமுணு திணறுவதைப் பார்த்து, கேட்காமலே விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகப் புரட்டித் துடைத்துப் படுக்க வைத்தார்கள்.

"நீங்க விட்டுட்டு வந்த வீடு எது அக்கா?"

"இதுதான். விடவே இல்ல."

தையல்காரி தரையில் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்றே தெரியவில்லை. "கண்டவ பேச்சைக் கேட்டு ஆடாதேன்னு எம் புருஷன் சொல்லுவான். போயும் போயும் அவன் வாய்தான் பலிக்கணுமா?"

அவன் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறவன். பூட்ட மறந்த அன்று கிளம்பியவள் அவள். திரும்பிப் போக வழியில்லை. முணுமுணு தன் அறையை அவளுக்குக் கொடுத்தாள்.

சில வாரம் போனது. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே தையல்காரி சொன்னாள்: "நீங்க கிளம்புங்கக்கா. அப்பாவை நான் பார்த்துக்கறேன். எனக்குத் தங்க இடம் வேணும், உங்களுக்கு வெளிய போகணும். சரியாப் போச்சு."

முணுமுணு அன்றே ஒலிக்கூடத்துக்கு போன் போட்டாள். வரச் சொன்னார்கள். பை மறுபடியும் பரணிலிருந்து இறங்கியது.

கிளம்பும் காலையில் தையல்காரி அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்ன பிடிக்கவில்லையோ, அவர் துப்பிவிட்டு இடது கையை ஓங்கி அதட்டினார். கை அவள் மேல் படக்கூட இல்லை. ஆனால் தையல்காரி கிண்ணத்தைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் குறுகிவிட்டாள். அடி வாங்கிப் பழகிய உடம்பு.

வாசலில் நின்ற முணுமுணு பையைக் கீழே வைத்தாள்.

"நீ இங்க இருக்க வேண்டாம்" என்றாள்.

தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்குக் கோட்டு தைத்துக் கொடுக்கும் ஒரு அம்மாளிடம் பேசினாள். அவர் தையற்கூடத்தில் வேலையும் மாடியில் தங்க அறையும் கிடைத்தன. தையல்காரி சந்தோஷமாகப் போகவில்லை. படியிறங்கும்போது திரும்பினாள்.

"உங்களுக்குப் போக பயம்க்கா. என்னைச் சாக்கு சொல்லாதீங்க."

 அது உண்மையா இல்லையா என்று முணுமுணுவுக்கே தெரியவில்லை.

தையல்காரி அதற்குப் பிறகு பேசவில்லை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சுறுசுறுப்பாகத் தைக்கிறாள் என்று கோட்டு அம்மாள் சொன்னார். என்ன பாட்டு என்று கேட்க முணுமுணுவுக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த ஆண்டு ஒரு மாலை நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். அப்பாவோடு இருக்கப் பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஒப்புக்கொண்டார். தான் இருக்கும் வீட்டைப் பற்றியே எழுதிய புதுப் பாட்டை முணுமுணு முதலில் சொன்னாள். மரியாதைக்குக் கை தட்டினார்கள். பிறகு அரங்கம் முழுக்க ஒரே கூச்சல்: "வெறுங்கால்! வெறுங்கால்!"

அவள் தாளத்தை நிறுத்தினாள். மைக்கை வாயருகே இழுத்தாள்.

"அந்தப் பொண்ணு நான் இல்லங்க. நான் போகவே இல்ல. இன்னும் அதே வீட்லதான் இருக்கேன். வானொலியில சொன்னது பொய்."

 அடுத்த கணம் கூரை பிய்ந்துபோகும் அளவுக்குக் கைதட்டல். பாட்டுக்குப் புதுசாகச் சேர்த்த தொடக்கம் என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓரத்தில் நின்ற அமைப்பாளர் கட்டைவிரலை உயர்த்தி, "பிரமாதம், இனிமே எல்லா மேடையிலயும் இதையே சொல்லி ஆரம்பிங்க!" என்று கத்தினார்.

அவள் ஆரம்பிப்பதற்குள் கூட்டமே முதல் வரியைச் சொல்லத் தொடங்கியது. அவர்கள் குரலுக்குக் கீழே அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

முடித்துக் கீழே இறங்கியபோது கையெழுத்துக் கேட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். நர்ஸம்மா கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. முணுமுணு ஒயர்களைச் சுருட்டக்கூட நிற்காமல் பைக்குள் திணித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.