பட்டியலில் நான் எழுதாத பதவி

1. நோட்டீஸ்

பதுளையில் பட்டப்படிப்பு நடத்தும் ஒரு தனியார் கெம்பஸின் நிதிப் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். பீஸ் வாங்கும் கவுண்டரில் தொடங்கி, கடைசியில் உதவி முகாமையாளர் ஆனேன். தனி அறை, சுழல் நாற்காலி எல்லாம் கிடைத்தது. "கல்வித் தரத்தை மேம்படுத்தும் பொருட்டு" கட்டணம் உயர்கிறது என்ற நோட்டீஸை எழுதியதும் நான்தான். நல்ல வசனம் என்று எனக்கே பெருமை.

மறுநாள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து புஷ்பராணி வந்தார். கொழுந்து பறிப்பவர். எங்களிடம் படித்த அவர் மகள் தர்ஷினிக்கு இன்னும் ஒரு வருடப் படிப்புதான் இருந்தது.

"சேர், புதுசா வாத்தியாருங்க வந்திருக்காங்களா?"

"இல்லம்மா. இருந்தவங்கள்லயே ரெண்டு பேர் போயிட்டாங்க."

"அப்ப எதுக்குங்க கூட்டுனீங்க?"

"நிர்வாகச் செலவு கூடிருச்சும்மா."

"எங்க மலையிலயும் இப்பிடித்தாங்க. பறிக்கிற ஆளு கொறையுது, பின்னால நின்னு பாக்குற ஆளு கூடுது. இவ்வளவு காசுன்னா புள்ளைய நிப்பாட்டத்தான் வேணும்."

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன்.

2. பட்டியல்

கெம்பஸை நடத்தும் பணிப்பாளரிடம் போனேன். மோசமான மனிதர் இல்லை.

"கடைசி வருசப் பிள்ளைகளுக்காவது பழைய கட்டணமே இருக்கட்டும் சேர்."

"எந்தெந்தப் பதவிய எடுத்தா அந்தக் காசு வரும்னு எழுதிட்டு வாங்க. பாப்போம்."

எழுதினேன். மாணவர் நல இணைப்பாளர், அவருக்கு ஓர் உதவியாளர், விளம்பர அதிகாரி, அவருடைய வேன். மூன்று பேரின் வேலையை வெட்ட என் கை கூசவேயில்லை.

பணிப்பாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "உங்களுக்கு மேல முகாமையாளர், கீழ ரெண்டு கிளார்க். நடுவுல நீங்க எதுக்கு? உங்க பதவியையும் எழுதுங்க. அப்பத்தான் மத்தவங்கள நான் கூப்பிட்டுப் பேசலாம்."

அப்படியென்றால் மறுபடியும் கவுண்டர், பழைய சம்பளம். யோசித்துச் சொல்கிறேன் என்று பட்டியலை வாங்கி வந்து மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டேன். அதை நான் வெளியே எடுக்கவேயில்லை.

3. நன்றி

அடுத்த மாதம் தர்ஷினி தன் சான்றிதழ்களைத் திருப்பி வாங்க வந்தாள். பண்டாரவளையில் துணிக்கடை வேலை கிடைத்திருந்தது.

"எங்களுக்காகப் பணிப்பாளர்கிட்ட பேசுனீங்களாமே சேர். அம்மா நன்றி சொல்லச் சொன்னாங்க."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கையெழுத்து வாங்கும் சாக்கில் குனிந்துகொண்டேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். செலவைக் குறைக்கப் பட்டியல் கேட்டால், முதல் வரியில் உங்கள் பதவியை எழுதுங்கள். நான் எழுதவில்லை. அந்தப் பிள்ளை பட்டம் வாங்கவில்லை.