அப்பா கையில் நான் போட்ட ரிப்பன் முடிச்சு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் யோசித்தேன். அப்பாவைக் குடிகாரர் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்ற பயம். இன்று அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். எழுதிவிடுகிறேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில், தோலைப் பதப்படுத்தச் சுழலும் பெரிய டிரம்மில் தோலை ஏற்றி இறக்குவது அப்பாவின் வேலை. ஷிப்மென்ட் நெருங்கினால் மேஸ்திரி காது கூசத் திட்டுவார். அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசாத பதிலையெல்லாம், வழியிலிருக்கும் கடையில் குடித்துவிட்டு வந்து எங்கள் வீட்டுச் சுவரிடம் சொல்லுவார். சுவர் பொறுமையாகக் கேட்கும். அம்மாவால்தான் முடியாது.

ஓர் ஆடி வெள்ளியன்று அம்மா அவரைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள். பொங்கல் வரை குடிப்பதில்லை என்று அம்மன் முன்னால் சத்தியம் வாங்கி, பூசாரி அவர் கையில் மஞ்சள் கயிறு கட்டினார். அந்தக் கயிறுதான் அப்பாவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று மூன்றாம் வகுப்பு படித்த நான் நம்பினேன். அவர் வீட்டுக்கு வந்ததும் முதலில் கையைத்தான் பார்ப்பேன்.

தீபாவளிக்கு முன்னால், ஷிப்மென்ட் நெருக்கடியில், ஒரு சாயங்காலம் கை வெறுமையாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா ஷூ கம்பெனி வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து அறுந்த கயிற்றை எடுத்தார்.

“டிரம் கதவுல மாட்டி அறுந்துட்ச்சு. அழுவாத கண்ணு, நீயே கட்டி வுடு.”

எனக்குத் தெரிந்தது சடைக்கு ரிப்பன் கட்டும் முடிச்சுதான். இரண்டு காது வைத்து அழகாகக் கட்டிவிட்டேன்.

அம்மா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “இன்னாய்யா கூத்து இது? பூசாரிகிட்ட போய்க் கட்டிக்கினு வர்றதுதானே?”

“பாப்பா கட்னதே போதும், வுடு.”

மறுநாள் அப்பாவுடன் வேலை செய்பவர்கள், “இன்னா மாமே, ரெட்டை சடை எங்க?” என்று கேட்டார்களாம். மேஸ்திரியே சிரித்துவிட்டாராம். சொல்லிவிட்டு அப்பாவும் சிரித்தார்.

எனக்குத்தான் கவலை. பூசாரி கட்டாத கயிற்றை அம்மன் ஒப்புக்கொள்வாளா? ‘தாயே, என் முடிச்சு அவிழாமல் பார்த்துக்கொள்’ என்று தினமும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொண்டேன். பொங்கல் வரை அவிழவில்லை. என் முடிச்சு அவ்வளவு கெட்டி என்று தெருவெல்லாம் பெருமையடித்தேன்.

ரிப்பன் முடிச்சு ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாலே அவிழ்ந்துவிடும். அது அப்பாவுக்கும் தெரியும். கயிறு அறுந்த அன்று, வெறுங்கையோடு அந்தக் கடைக்குள் நுழையாமல் தாண்டித்தான் அவர் வீட்டுக்கு வந்தார் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

பிற்பாடு அவர் வழுக்கிய நாட்களும் உண்டு. அதனால் இதை யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவரை மகானாக்கிவிட வேண்டாம். அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் விட்டுவிடவும் வேண்டாம்.