தோழியின் பெயரில் நான்

மூன்று வருடங்களுக்கு முன்பு கிள்ளானில், எங்கள் வீட்டு ஹாலில் ஆரம்பித்த கதை இது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி, சமகால வரலாற்றில் ஆய்வேடு எழுதுவதாகச் சொல்லி என்னைத் தேடி வந்தாள். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த தமிழ்ப் பெண்கள்தான் அவளுடைய தலைப்பு. நான் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அந்த வேலையிலேயே கிடந்தவள். இதெல்லாம்கூட வரலாறா என்று சிரித்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கைப்பேசியை மேசையில் வைத்துப் பதிவு செய்ய, வாய் ஓயாமல் பேசினேன். எனக்குக் கேட்க ஆள் கிடைத்தால் போதும்.

சொந்தப் பெயர் வராது ஆன்டி, உங்களுக்குப் பிடித்த வேறு பெயர் ஒன்று சொல்லுங்கள் என்றாள். நான் யோசிக்கவே இல்லை, சட்டென்று ஒரு பெயரைச் சொன்னேன்.

அது என் தோழியின் பெயர். தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து இருக்கை. நான் மாசமாக இருந்தபோது ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டேன். ஷிப்ட் முடியட்டும், அப்புறம் கிளினிக் போகலாம் என்றார் சூப்பர்வைசர். அவள் வேலையை அப்படியே போட்டுவிட்டு, என்னைத் தாங்கிப் பிடித்து வாசலைத் தாண்டிக் கூட்டிப் போனாள். என் மகள் எனக்குக் கிடைத்தது அதனால்தான். ஆனால் அவளுக்கு வேலை போய்விட்டது. பிறகு குடும்பத்தோடு எங்கோ மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். என் பெயர் புத்தகத்தில் வந்து என்ன ஆகப்போகிறது? அவள் பெயராவது ஓர் இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆய்வேடு முடிந்தது. மாணவர் ஆய்வேடுகளுக்கான ஒரு பரிசுக்கு அனுப்பினாள், அது இறுதிச் சுற்றுக்கும் வந்துவிட்டது. துள்ளிக்கொண்டு ஃபோன் பண்ணினாள். சந்தோஷத்தில் நானும் உளறிவிட்டேன். "என் கூட்டாளி பேரு எவ்ளோ தூரம் போயிருச்சு பாருலா!"

"அது உண்மையான ஆள் பேரா ஆன்டி?" என்று கேட்டாள்.

பிறகு மெதுவாக விளக்கினாள். உண்மையாகவே இருக்கும் ஒருவர் பெயரில், அவர் சொல்லாததையெல்லாம் சொன்னதாக எழுதியாகிவிட்டது. தெரிந்தவர்கள் படித்தால் அவர்தான் பேசினார் என்று நம்பிவிடுவார்கள், அது பெரிய தப்பு என்றாள். நாம் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்லா ஆன்டி," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவளே பரிசுக் குழுவுக்கு எழுதினாள். இந்த வருடம் முடியாது, திருத்தி அடுத்த வருடம் அனுப்பலாம் என்று பதில் வந்தது. கைக்கு எட்டிய பரிசு என்னால் போனதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோழியைக் கண்டுபிடித்துச் சம்மதம் வாங்கினால், திருத்தும்போது அவள் பெயரையாவது காப்பாற்றலாம் என்று தோன்றியது. பழைய தொழிற்சாலை ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்தேன். அன்றைக்கே பதில் வந்தது. ஜெஞ்சாரோமில் இருக்கிறாளாம்! கிள்ளானில் கார் ஏறினால் பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம்.

மாணவியும் நானும் போனோம். வெண்டைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் என்னை உற்றுப் பார்த்தாள். "என்னாடி இப்படிக் குண்டாயிட்ட?" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

குடிக்கக் கோப்பி வந்தது. மாணவி நடந்ததைச் சொல்லி, ஆய்வேட்டில் நான் பேசிய பகுதியை வாசித்துக் காட்டினாள். தோழி சந்தோஷப்படுவாள் என்று நான் காத்திருந்தேன். அவளோ முகத்தைச் சுளித்தாள்.

"இது இவ கதை, இதுல ஏன் என் பேரு? இவளைக் கூட்டிட்டுப் போனது நானு. கூட்டிட்டுப் போனவளுக்குப் பேரே இல்லாம, வெறும் தோழின்னு போட்டு வெச்சிருக்கீங்க! பேரு போடறதுன்னா இவளுக்கு இவ பேரு, எனக்கு என் பேரு. என்னையும் கேளு பிள்ளை, நானும் நிறைய சொல்லுவேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டி ஒளியற?"

அவள் பெயருக்கு மரியாதை செய்வதாக நினைத்தேன். செய்தது, என்னை நானே ஒன்றுமில்லாதவள் என்று சொல்லிக்கொண்டதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் சொந்தப் பெயரையே போடலாமாம். இருவரும் போட்டோம். மாணவி கைப்பேசியை மேசையில் வைத்தாள். தோழி பேச ஆரம்பித்தாள், எனக்கு வாயைத் திறக்கவே இடம் தரவில்லை.

அடுத்த வருடம் அந்தப் பரிசு மாணவிக்கே கிடைத்தது. கோலாலம்பூரில் விழா. மேடையில் முதல் காரியமாக எங்கள் இருவர் பெயரையும் சொன்னாள். ஒலிபெருக்கியில் என் பெயரைக் கேட்டு நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்க, தோழி என் கையைக் கிள்ளினாள். "உன் பேரு நல்லாத்தானடி இருக்கு," என்றாள்.

இத்தனை வருடம் அவள் பெயரை நெஞ்சில் வைத்திருப்பதாகப் பெருமைப்பட்டவள் நான், பக்கத்து ஊரில் இருந்தவளைப் போய்ப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. இப்போதெல்லாம் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் என்று மனசு சொன்னால், அவர் வீடு எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.