ஊறாத கசடு

தங்கை வீட்டுத் தரைக்கு எஃகுக் கசடைப் போடச் சொன்னது நான்தான். இந்த ஒரு வரியை எழுத இத்தனை வருஷம் ஆயிற்று. இதற்குப் பிறகு வருவதை எழுத இன்னும் கூசுகிறது.

மாப்பிள்ளை மஸ்கட்டில் இருந்தார். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் அவருடைய வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வீடு கட்டியவர்களில் பாதிப் பேர் ஏதாவதொரு பாலைவனத்தில் இருந்தார்கள். வேலையை மேற்பார்க்க ஊரில் ஒரு சொந்தக்காரன் இருப்பான், பெரும்பாலும் வேறு எதற்கும் உதவாதவன். எங்கள் குடும்பத்தில் அது நான். நிறையப் படிப்பவன் என்ற பெயர் வேறு.

எங்கள் மண்ணில் நெல் விளையும், கல் கிடைக்காது. ஜல்லி புதுக்கோட்டைப் பக்கமிருந்து வரவேண்டும். அந்த முறை குவாரியில் ஏதோ தகராறு, லாரி வரவில்லை. வைகாசியில் மாப்பிள்ளைக்கு ஒரு மாத லீவு. பால் காய்ச்ச நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். எஃகு உருக்கும்போது ஒதுங்கும் கசடை உடைத்து, ஜல்லிக்குப் பதிலாக வெளிநாடுகளில் கான்கிரீட்டில் போடுகிறார்களாம். கருங்கல்லைவிடக் கெட்டியாம். அடியில் ‘தொடர்ச்சி 43ஆம் பக்கம்’ என்று போட்டிருந்தது. அதற்குள் நான் எழுந்து, உருக்காலைக்கு லாரி பேசப் போய்விட்டேன்.

கொத்தனார் ஐம்பதைத் தாண்டியவர். ஒரு கசடுத் துண்டைத் தொட்டித் தண்ணீரில் போட்டு வைத்திருந்து, சில நாள் கழித்து எடுத்துக் காட்டினார். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது.

“உள்ள சுண்ணாம்பு இருக்கு சார், இன்னும் நீறல. ஒரு மழைக்காலம் வெளியில கெடந்து ஊறட்டும். அப்பறம் போடுவோம்.”

“அதுவரைக்கும் மாப்பிள்ளை லீவு நிக்குமா?”

“மாப்பிள்ளை லீவு கசடுக்குத் தெரியுமா சார்?”

சித்தாள்கள் சிரித்தார்கள். அதுதான் வினை. நாலு பேர் சிரித்துவிட்டால் படித்தவனுக்குக் காது கேட்காது. “ஜப்பான்காரன் என்ன முட்டாளா?” என்றேன். நான் படித்த பக்கத்தில் ஜப்பான் என்ற சொல்லே இல்லை.

“போடச் சொன்னா போடறேன் சார்” என்று தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு போனார்.

பால் பொங்கியது. மாப்பிள்ளை புது மொசைக்கில் முகம் பார்த்துவிட்டு விமானம் ஏறினார். ஐப்பசி மழையில் அடியில் ஈரம் ஏற, கூடத்தின் நடுவே தரை மெல்ல உப்பியது. கார்த்திகையில் தங்கை நாற்காலியை எங்கே போட்டாலும் ஒரு கால் ஆடியது. நூலகத்துக்குப் போய் 43ஆம் பக்கத்தைப் பார்த்தேன். கொத்தனார் சொன்னதையேதான், கொஞ்சம் சுமாரான தமிழில் எழுதியிருந்தார்கள்.

மாப்பிள்ளை போனில் கேட்டார்: “என்ன மச்சான், கொத்தனார் சொதப்பிட்டாரா?”

“பழைய ஆளு, என்ன பண்றது” என்றேன்.

நாலே வார்த்தை. தங்கை மூலமாக அது கடைத்தெரு வரை போயிற்று.

கொத்தனார் ஆட்களோடு வந்து தரையைப் பெயர்த்து, கருங்கல் ஜல்லியில் மறுபடி போட்டுக் கொடுத்தார். கசடு இறக்கியபோது ஊரில் இல்லாத தங்கை, “என்னங்க இது, கறுப்பா?” என்று கேட்டாள். “ஜல்லி சரியில்லம்மா” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய், துபாயில் இருந்த மகனுக்காக வீடு கட்ட இருந்தார். வேலை இவருக்கென்று ஏற்கெனவே பேச்சு.

“இப்ப பாய் யோசிக்கிறாரு சார். இதுவும் போச்சுன்னா இந்த ஊர்ல என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு.”

போனேன். பாய் டீ வரவழைத்தார். உலக விவகாரம் பேசினோம். அதில் நான் வெளுத்து வாங்குவேன். பிறகு, “அந்தக் கொத்தனாரு வேலை எப்படிங்க?” என்று கேட்டார். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லிவிட்டால் நாளைக்கு இதே நாற்காலியில் உட்கார்ந்து உலகத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

“நல்ல மனுஷன்தாங்க” என்றேன்.

வேலையைப் பற்றிக் கேட்கும்போது மனுஷனைப் புகழ்ந்தால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாய் “ம்” என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

வேலை கும்பகோணத்து ஆள் ஒருவருக்குப் போயிற்று. தை மாதம் பஸ் ஸ்டாண்டில் கொத்தனாரைப் பார்த்தேன். கேரளாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பியிருந்தார். நான் ஒதுங்கப் பார்ப்பதற்குள் அவரும் என்னைப் பார்த்துவிட்டார்.

“பாய்கிட்ட சொன்னீங்களா சார்?”

“சொன்னேன்.”

“தெரியும் சார். நீங்க சொல்லியும் கேக்கலன்னா, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? மனசுல வச்சுக்காதீங்க.”

பஸ் கிளம்பியபோது ஜன்னலிலிருந்து கையாட்டினார். நானும் ஆட்டினேன்.